மொறிஸ் மைனரில் வந்து வந்து மறையும் மின்கோளாறு: எங்கிருந்து தேடத் தொடங்குவது?

கேள்வி: கோப்பாய் மைனர்

வணக்கம். எங்களிடம் 1963 ஆம் ஆண்டு மொறிஸ் மைனர் 1000 ஒன்று இருக்கிறது. பொருளாதாரத் தடை இருந்த காலத்தில் மண்ணெண்ணெயில் ஓடி, 1995 இடப்பெயர்வில் சாவகச்சேரிக்குப் போய், பின்னர் வீடு திரும்பிய கார் என்பதால் அதை விற்க அப்பாவுக்கு மனம் வரவில்லை. 2020 இல் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்ட பிறகு பழைய வாகனங்களின் விலையும் ஏறிவிட்டது. ஆகவே இதையே திருத்தி ஓடுவது என்று முடிவெடுத்திருக்கிறோம். எஞ்சினில் குறை எதுவும் இல்லை. தொல்லை மின்சாரப் பக்கத்தில்தான், அதுவும் எப்போது வரும் என்று சொல்ல முடியாத தொல்லை.

பருத்தித்துறை வீதியால் நெல்லியடிப் பக்கம் போகும்போது, குறிப்பாக வல்லை வெளியில் மணிக்கு 50 கிலோமீற்றர் அளவில் ஒரே சீராக ஓடிக்கொண்டிருக்கையில், எஞ்சின் சட்டென்று நின்றுபோகிறது. திணறலோ இழுபறியோ இல்லை; யாரோ சுவிச்சை நிறுத்தியது போல இருக்கிறது. சில வேளைகளில் கார் உருண்டுகொண்டிருக்கும்போதே ஒரு உதறலுடன் மீண்டும் பிடித்துக்கொள்கிறது. கிளச்சை மிதித்து ஓரத்தில் நிறுத்தினால், அடுத்த கணமே ஸ்ராட் ஆகிறது. வீட்டு முற்றத்தில் எவ்வளவு நேரம் இயங்கவிட்டாலும் ஒரு குறையும் தெரிவதில்லை. கராஜில் பிளக்குக்குப் பொறி உண்டாக்கும் பகுதியிலுள்ள கொயில், பொயின்ற் (திறந்து மூடும் தொடுகை), கொண்டென்சர் மூன்றையும் மாற்றி, எஸ்.யூ. பெற்றோல் பம்பையும் கழற்றிச் சுத்தம் செய்து தந்தார்கள். சில நாட்கள் ஒழுங்காக ஓடியது, பிறகு பழைய கதைதான்.

இதைவிட, இரவில் பிறேக்கை மிதித்தால் இடது பின்விளக்கு பிரகாசிப்பதற்குப் பதிலாக மங்குகிறது. சிக்னல் போட்டால் பெற்றோல் மானியின் முள்ளும் அதனுடன் சேர்ந்து ஆடுகிறது. வயரிங் பல இடங்களில் ஒட்டுப்போட்டது. தடைக் காலத்தில் கிடைத்ததைக் கொண்டு, வீட்டு வயர், தொலைபேசி வயர் என்று பார்க்காமல் இணைத்திருக்கிறார்கள். காரில் இன்றும் பிளஸ் பக்கம்தான் எர்த், அதாவது பற்றறியின் பிளஸ் முனைதான் கார் உடலுடன் இணைந்திருக்கிறது. இவை எல்லாம் ஒரே கோளாறின் விளைவுகளா, வெவ்வேறா? முழு வயரிங்கையும் பிரித்து மாற்றாமல் கண்டுபிடிக்க வழி உண்டா?

பதில்: சுன்னாகம் டைனமோ

தம்பி, முதலில் இனி எந்தப் பாகமும் வாங்க வேண்டாம். விட்டுவிட்டு வரும் கோளாறு பாகங்களை மாற்றுவதால் அகப்படுவது அபூர்வம். ஒரு பாகத்தைக் கழற்றிப் பூட்டும்போது அதைச் சுற்றியுள்ள வயர்களும் இணைப்புகளும் அசைகின்றன. அந்த அசைவினாலேயே தொடுகை தற்காலிகமாகச் சீராகி, வாகனம் சில நாட்கள் நன்றாக ஓடுகிறது. புதிய பாகம்தான் நோயைத் தீர்த்தது என்று கராஜ்காரரும் நம்புகிறார், நாமும் நம்பிப் பணத்தைக் கொடுத்துவிட்டு வருகிறோம். உங்களுக்கு நடந்ததும் இதுவாகத்தான் இருக்க வேண்டும்.

நீங்கள் கொடுத்த விபரத்தில் மூன்று செய்திகள் இருக்கின்றன. எஞ்சின் திணறாமல் ஒரேயடியாக நிற்கிறது என்பது ஒன்று. பெற்றோல் தடைப்பட்டால், காபறேற்றரின் மிதவைக் கிண்ணத்தில் மிஞ்சியிருப்பது தீரும் வரை எஞ்சின் இழுத்து இழுத்து, பலம் குறைந்து, அதன் பின்னரே நிற்கும். கத்தரித்தாற்போல நிற்பது பொறி இல்லாமற் போனதையே காட்டும். ஆகவே பம்பை இப்போதைக்கு விட்டுவிடலாம். இன்னொரு விடயம்: எஞ்சின் நின்ற பிறகு திறப்பைப் போட்டால் எஸ்.யூ. பம்பில் ‘டிக் டிக்’ என்ற சத்தம் வரவில்லை என்பதற்காக அது பழுது என்று முடிவுகட்டக் கூடாது. கிண்ணம் நிரம்பியிருந்தால் பம்ப் அமைதியாகத்தான் இருக்கும். நிற்காமல் வேகமாக அடித்துக்கொண்டிருந்தால் எங்கோ காற்று இழுக்கிறது அல்லது தாங்கியில் எண்ணெய் இல்லை. கிண்ணம் காலியாக இருந்தும் அடிக்காமல், திருப்புளிப் பிடியால் மெல்லத் தட்டியதும் அடிக்கத் தொடங்கினால் மட்டுமே பம்பின் உள்ளே இருக்கும் தொடுகையைச் சந்தேகிக்க வேண்டும்.

அடுத்த செய்தி, நிறுத்தியவுடனேயே ஸ்ராட் ஆகிறது என்பது. சூட்டினால் பழுதாகும் கொயிலோ கொண்டென்சரோ அப்படி உடனே திரும்பி வராது. ஆறுவதற்கு நேரம் கேட்கும். உடனே திரும்பி வருவது சூட்டினால் வரும் கோளாறு அல்ல, அசைவினால் வருவது.

மூன்றாவது செய்திதான் எனக்கு மிகவும் பிடித்தது. முற்றத்தில் வராத கோளாறு, வெளியில் ஒரே சீரான வேகத்தில் வருகிறது. குலுக்கல்தான் காரணம் என்றால் குண்டும் குழியுமான ஒழுங்கைகளில் அல்லவா கூடுதலாக வர வேண்டும்? நல்ல வீதியில், அக்சிலறேற்றரில் காலை இலேசாக வைத்திருக்கும்போது வருகிறதென்றால், அப்போது மட்டும் அசையும் ஒரு பொருளைத் தேட வேண்டும். காபறேற்றரிலிருந்து, பிளக்குகளுக்குப் பொறியைப் பகிர்ந்து கொடுக்கும் டிஸ்ரிபியூற்றருக்கு ஒரு சிறிய வெற்றிடக் குழாய் போகிறதல்லவா? எஞ்சின் சும்மா இயங்கும்போது அந்தக் குழாயின் துவாரத்தில் வெற்றிடம் ஏறத்தாழ இல்லை. அக்சிலறேற்றரைச் சற்றுத் திறந்ததும் வெற்றிடம் முழுமையாகக் கிடைத்து, டிஸ்ரிபியூற்றருக்குள் பொயின்ற் பூட்டியிருக்கும் தகட்டை இழுத்துத் திருப்புகிறது. அழுத்தி மிதித்தால் வெற்றிடம் குறைந்து, தகடு பழைய இடத்துக்குத் திரும்புகிறது. ஒவ்வொரு முறை தகடு திரும்பும்போதும், வெளியே உள்ள முனையிலிருந்து பொயின்றுக்குப் போகும் சிறிய வயர் மடிந்து விரிகிறது. பல ஆண்டுகளாக அப்படி மடிந்த வயர், வெளியுறை முழுதாக இருக்க, உள்ளே செம்பு மட்டும் அறுந்து நிற்பதை நான் பல வாகனங்களில் பார்த்திருக்கிறேன். பொயின்றை மாற்றுபவர்கள் இந்த வயரைப் பெரும்பாலும் தொடுவதில்லை.

செலவில்லாத சோதனை ஒன்று சொல்கிறேன். டிஸ்ரிபியூற்றரிலிருந்து வெற்றிடக் குழாயைக் கழற்றி, காபறேற்றர் பக்கம் காற்று இழுக்காதவாறு குழாயின் வாயை இறுக்கமாக அடைத்துவிட்டு, அதே வீதியால் ஓடிப் பாருங்கள். பெற்றோல் சற்றுக் கூடுதலாகச் செலவாகும். வேறு தீங்கு இல்லை. கோளாறு வராமற்போனால் தேட வேண்டிய இடம் டிஸ்ரிபியூற்றரின் மூடிக்கு அடியில் இருக்கிறது.

அப்படியும் நின்றால், திறப்பைத் தொடாமல், கிளச்சை மிதித்துக்கொண்டு சிவப்பு இக்னிஷன் விளக்கைப் பாருங்கள். கியரில் உருளும்போது டைனமோவும் சுழல்வதால் அந்த விளக்கு எரியாது, அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. கிளச்சை மிதித்து எஞ்சினும் டைனமோவும் நின்ற பின் விளக்கு எரிந்தால், பற்றறியிலிருந்து சுவிச் வரை மின் ஒழுங்காக வருகிறது. பழுது அதற்கு அப்பால். எரியாவிட்டால் சுவிச்சோ, அதற்கு வரும் மண்ணிற வயரோ, டைனமோவின் மின்னைக் கட்டுப்படுத்தும் கொன்ற்றோல் பெட்டியில் உள்ள இணைப்போதான்.

பதில்: நெல்லியடி வயரிங்

ஐயா சொன்னதை ஏற்றுக்கொள்கிறேன். இரண்டாவது பகுதியை, அதாவது பின்விளக்கையும் பெற்றோல் மானியையும், நான் எடுத்துக்கொள்கிறேன், ஏனெனில் அவை எஞ்சின் நிற்பதுடன் தொடர்பில்லாதவை என்றே நினைக்கிறேன். மைனரில் கொயிலுக்கும் பம்புக்கும் போகும் வெள்ளை வயரில் பியூஸ் கிடையாது. சிக்னல், வைப்பர், பிறேக் விளக்கு, பெற்றோல் மானி ஆகியவை ஏ3, ஏ4 முனைகளுக்கு இடையிலுள்ள பியூசுக்கு (ஏ3–ஏ4 பியூஸ்) அப்பால் பச்சை வயரில் இருக்கின்றன. எவை எவை சேர்ந்து கெடுகின்றன என்று குறித்துக்கொண்டால், அவை எல்லாவற்றுக்கும் பொதுவான இடம் எது என்பது தானாகவே தெரியவரும்.

பிறேக்கை மிதிக்கும்போது பின்விளக்கு மங்குவது எர்த் கோளாறின் தெளிவான அடையாளம். அந்த பல்ப் ஒன்றுக்குள்ளேயே இரண்டு இழைகள் இருக்கின்றன, பிறேக்குக்கு 21 வாற்று, பின்விளக்குக்கு 5 அல்லது 6 வாற்று. விளக்கின் உடல் காருடன் ஒழுங்காகத் தொடுகை கொள்ளாதபோது, பிறேக் இழைக்கு வந்த மின் திரும்பிப் போக நேரான வழி இல்லாமல், மற்ற இழையின் வழியாகவும் அடுத்த விளக்குகளின் வழியாகவும் சுற்றிப் போகப் பார்க்கிறது. தோட்டத்துக்கு இறைக்கும்போது வாய்க்கால் அடைபட்டால் தண்ணீர் வரம்பை உடைத்துப் பக்கத்துப் பாத்திக்குப் போவதில்லையா, அதைப் போலத்தான். மின்சாரக் கோளாறு என்றால் எல்லோரும் வருகின்ற வயரைத்தான் தேடுகிறார்கள். திரும்புகின்ற பாதையும் அதே அளவு முக்கியம். கடற்காற்று படும் எங்கள் ஊர்களில், மாரி மழையும் சேரும்போது, விளக்கைத் தாங்கும் ஆணிக்கும் தகரத்துக்கும் இடையில் துருவும் களிம்பும் படிவது வழமை. அதன் மேல் வர்ணம் அடித்துவிட்டால், வெளியில் பார்க்க அழகாக இருக்கும், மின் மட்டும் போகாது.

சோதிப்பது எளிது. பிறேக்கை ஒருவர் மிதித்திருக்க, மல்ரிமீற்றரின் ஒரு கம்பியைப் பற்றறியின் எர்த் முனையிலேயே வையுங்கள், அதன் மேல் பூட்டியிருக்கும் கிளிப்பில் அல்ல. மற்றக் கம்பியை விளக்கின் உலோக உடலில் வையுங்கள். 0.2 வோல்ற்றுக்கு மேல் காட்டினால் இடையில் எங்கோ தொடுகை கெட்டிருக்கிறது. அங்கிருந்து ஒவ்வொரு இணைப்பாகப் பின்னோக்கி வந்தால், எந்த இணைப்பைத் தாண்டும்போது அளவு சட்டென்று விழுகிறதோ அதுதான் குற்றவாளி. பெற்றோல் மானிக்கும் இதே முறை: சிக்னல் எரியும்போது பியூசின் இரு பக்கக் கிளிப்புகளுக்கும் இடையே அளந்து பாருங்கள்.

எஞ்சின் நிற்பதைப் பிடிக்க இன்னொரு வழியும் இருக்கிறது. 12 வோல்ற்று, 5 வாற்று பல்ப் இரண்டை நீண்ட வயரில் எடுத்து, ஒன்றைக் கொயிலின் எஸ்.டபிள்யூ. முனைக்கும் (சுவிச்சிலிருந்து மின் வரும் முனை) மற்றதைச் சி.பி. முனைக்கும் (பொயின்றுக்குப் போகும் முனை) இணைத்து டாஷ்போட்டில் தொங்கவிட்டு ஓடினால், நிற்கும் கணத்தில் எது அணைகிறது, எது எரிகிறது என்று நேரிலேயே பார்க்கலாம்.

பதில்: மின்மானி

நெல்லியடி நண்பரின் எர்த் விளக்கம் முழுவதும் சரி. ஆனால் சி.பி. முனையில் பல்ப் இணைத்து ஓட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். பொயின்ற் திறக்கும் கணத்தில் கொயிலின் முதற்சுற்றில் சில நூறு வோல்ற்று எழ வேண்டும், அதிலிருந்துதான் பிளக்குக்கான பொறி பிறக்கிறது. அந்த இடத்தில் குறைந்த தடையுள்ள பல்ப் ஒன்று குறுக்கே இருந்தால் அந்த எழுச்சியை அதுவே விழுங்கிவிடும்; எஞ்சின் சரியாக ஓடாது, இல்லாத கோளாறு ஒன்றைத் தேடி அலைய நேரிடும். எஸ்.டபிள்யூ. முனையில் பல்ப் இருப்பதில் பிரச்சினை இல்லை, அதை வைத்துக்கொண்டு தாராளமாக ஓடலாம்.

சி.பி. முனையில் பல்ப் வைத்துப் பார்ப்பது எஞ்சினை நிறுத்திவைத்துச் செய்ய வேண்டிய வேலை. டிஸ்ரிபியூற்றர் மூடியைக் கழற்றி, பொயின்ற் மூடியிருக்கும் நிலைக்கு எஞ்சினைத் திருப்பி, திறப்பைப் போட்டு, சி.பி. முனைக்கும் எர்த்துக்கும் இடையே பல்பை இணையுங்கள். பொயின்ற் மூடியிருப்பதால் மின் அதன் வழியே எர்த்துக்குப் போய்விடும். பல்ப் எரியக் கூடாது. இப்போது பொயின்ற் பூட்டிய தகட்டை விரலால் அது வழமையாகத் திரும்பும் திசையில் மெல்லத் தள்ளுங்கள், அல்லது வெற்றிடக் குழாயை வாயால் உறிஞ்சுங்கள். தகடு அசையும்போது பல்ப் மினுக்கினாலோ எரிந்தாலோ, அந்தச் சிறு வயர் உள்ளே அறுந்திருக்கிறது அல்லது தகட்டின் எர்த் தொடுகை போயிருக்கிறது. இந்தச் சோதனையை நீண்ட நேரம் செய்ய வேண்டாம். பொயின்ற் மூடியிருக்கத் திறப்பைப் போட்டுவைத்தால் கொயில் சூடாகும்.

ஓம் அளவில் மீற்றரை வைத்து ‘வயர் நல்லது’ என்று தீர்ப்புச் சொல்பவர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். பத்துப் பன்னிரண்டு இழைகளில் ஒன்றே ஒன்று மிஞ்சியிருந்தாலும் மீற்றர் அந்த வயரை நல்லது என்றே காட்டும், ஏனெனில் அது அனுப்பிப் பார்க்கும் மின்னோட்டம் மிகச் சிறியது. மின் ஓடிக்கொண்டிருக்கும்போது வோல்ற்று வீழ்ச்சியை அளப்பதே நம்பத்தக்கது. ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 45 வாற்று முன்விளக்கு இரண்டும் சேர்ந்து ஏறத்தாழ 7.5 அம்பியர் எடுக்கின்றன. வழியில் 0.2 ஓம் தடை மட்டும் இருந்தாலும் 1.5 வோல்ற்று அங்கேயே வீணாகி, விளக்குக்கு 10.5 வோல்ற்றுதான் போய்ச் சேரும். வோல்ற்று எட்டில் ஒரு பங்கு குறைந்தால் வெளிச்சமும் எட்டில் ஒரு பங்குதான் குறையும் என்று நினைக்க வேண்டாம், மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போய்விடும். 0.2 ஓம் என்பது மலிவான மீற்றரின் கம்பிகளிலேயே இருக்கக்கூடிய தடை. ஓம் அளவில் அது கண்ணுக்கே தெரியாது.

பதில்: பண்ணைப் பாலம்

இத்தனை சிரமம் எதற்கு? பிளஸ் எர்த்தை மைனஸ் எர்த்தாக மாற்றி, எலக்ட்ரோனிக் இக்னிஷன் பூட்டினால் பொயின்ற் தொல்லை ஒழியும். கொழும்பில் வாகன உதிரிப்பாகக் கடைகள் உள்ள பஞ்சிகாவத்தையில் விசாரித்தால் எல்லாம் கிடைக்கும். என்னுடைய ஹயேஸ் டீசல் வானும் இடைக்கிடை இப்படி நிற்கிறது. அதற்குப் பொயின்றும் இல்லை, கொயிலும் இல்லை. அது ஏன் என்று யாராவது சொல்ல முடியுமா?

பதில்: சுன்னாகம் டைனமோ

மைனஸ் எர்த் மாற்றுவது தனி வேலை. பற்றறி வயர்களை இடம் மாற்ற வேண்டும், டைனமோவின் எஃப் முனைக்கு ஒரு கணம் மின் கொடுத்து அதன் காந்தத் திசையை மாற்ற வேண்டும், கொயிலின் இரு வயர்களையும் மாற்றிப் பூட்ட வேண்டும், பம்பில் டயோட் (மின்னை ஒரு திசையில் மட்டும் விடும் பாகம்) இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். விருப்பமென்றால் செய்யலாம். ஆனால் கோளாறு எங்கே என்று தெரியாத வாகனத்தில் இதைச் செய்தால், பழைய கோளாறு போகாது, புதியது ஒன்றும் வந்து சேர்ந்தால் எது எது என்று பிரிக்கவும் முடியாது. எலக்ட்ரோனிக் இக்னிஷனும் அதே தகட்டில்தான் பூட்டப்படும், அதே கெட்ட எர்த்தைத்தான் நம்பியிருக்கும்.

வானைப் பொறுத்தவரை, டீசல் பம்பின் மேல் எண்ணெயை நிறுத்தும் சிறிய சொலினோயிட் (மின்காந்த வால்வு) ஒன்று இருக்கும். அதற்கு 12 வோல்ற்று வருவது நின்றால் வால்வு மூடி எஞ்சின் நின்றுவிடும். அந்த வயரில் ஒரு பல்பை இணைத்து டாஷ்போட்டில் வைத்துக்கொண்டு ஓடுங்கள். எஞ்சின் நிற்கும்போது பல்பும் அணைந்தால் வயரிங் அல்லது சுவிச். பல்ப் எரிந்தபடியே எஞ்சின் நின்றால் எண்ணெயில் காற்று, வடிகட்டி அல்லது சொலினோயிட் தானே. மிகுதிக்குத் தனியாக ஒரு கேள்வி எழுதுங்கள், இங்கே மைனரை முடிப்போம்.

பதில்: கோப்பாய் மைனர்

எல்லோருக்கும் நன்றி. ஐயா சொன்னபடி வெற்றிடக் குழாயைக் கழற்றி அடைத்துவிட்டு நெல்லியடிக்கும் பருத்தித்துறைக்கும் போய்வந்தேன். ஒரு தடவையேனும் நிற்கவில்லை. குழாயை மீண்டும் பூட்டியதும் வல்லைப் பாலத்தை அடையும் முன்பே நின்றது. எஸ்.டபிள்யூ. முனையில் இணைத்திருந்த பல்ப் அப்போதும் எரிந்துகொண்டே இருந்தது, சிவப்பு விளக்கும் கிளச்சை மிதித்ததும் எரிந்தது. ஆகவே சுவிச் வரை குறை இல்லை.

மூடியைக் கழற்றிப் பார்த்தபோது, அந்தச் சிறு வயர் வெளிப்பார்வைக்கு நன்றாகத்தான் இருந்தது. மின்மானி அவர்கள் சொன்ன சோதனையில், தகட்டைப் பாதியளவு தள்ளியதும் பல்ப் பளிச்சென்று எரிந்தது, விட்டதும் அணைந்தது. வயரின் இரு பக்கங்களையும் பிடித்து மெல்ல இழுத்தால் நடுவில் ஓரிடம் இறப்பரைப் போல நீண்டது. உறையைக் கீறிப் பார்த்தபோது உள்ளே இரண்டு செம்பு முனைகள் ஒன்றையொன்று தொட்டும் தொடாமலும் நின்றன. அது தொழிற்சாலையில் போட்ட வயரே அல்ல. தடித்த இழைகள் ஏழே கொண்ட, வீட்டுக்கு அடிக்கும் வயரின் ஒரு துண்டு. எந்தக் காலத்தில் யார் போட்டார்களோ, அன்றைக்கு வண்டியை ஓடவைத்தது அதுதான் என்று அப்பா சொல்கிறார். அசையும் தகட்டை டிஸ்ரிபியூற்றர் உடலுடன் இணைக்கும் சிறிய பின்னல் வயரும் முக்கால்வாசி அறுந்திருந்தது. இரண்டையும் மாற்றிவிட்டேன். பொயின்ற் இடைவெளியையும் 0.015 அங்குலத்துக்குச் சரிசெய்தேன். இப்போது குழாய் பூட்டியபடியே ஓடுகிறது, நிற்கவில்லை.

இடது பின்விளக்கில் எர்த் பக்கம் 1.1 வோல்ற்று வீழ்ச்சி காட்டியது. விளக்கைக் கழற்றி, ஆணி தொடும் இடத்தில் வர்ணத்தையும் துருவையும் அரத்தாளால் தேய்த்து, வெறும் உலோகம் தெரியும்படி செய்து, வாஸ்லீன் பூசிப் பூட்டியதும் வீழ்ச்சி அளவெடுக்க முடியாத அளவுக்குக் குறைந்தது. பியூஸ் பெட்டியில் ஒரு வேடிக்கை: ஏ3–ஏ4 பியூஸ் எப்போதோ எரிந்து, அதன் மேல் சிகரெற் பெட்டியின் வெள்ளித்தாளைச் சுற்றிப் பூட்டியிருந்தார்கள். கிளிப் கருகி, தொட்டால் சுட்டது. தாளை எறிந்துவிட்டு, கிளிப்பைச் சுத்தம் செய்து, சற்று நெருக்கி, 35 அம்பியர் கண்ணாடிப் பியூஸ் ஒன்று போட்டேன். பெற்றோல் மானியின் முள் இப்போது அசைவதில்லை.

முன்விளக்குகள் மட்டும் இன்னும் மங்கலாகவே இருக்கின்றன. பற்றறியில் 12.4 வோல்ற்று இருக்கும்போது விளக்கில் 10.3 தான் வருகிறது. அந்தப் பகுதி வயரை மாற்றுவது என்றால் எந்தத் தடிப்பில் வாங்குவது? பற்றாசு வைப்பதா, நெருக்கிப் பூட்டுவதா?

பதில்: நெல்லியடி வயரிங்

வெள்ளித்தாளைக் கழற்றியது பெரிய காரியம். பியூஸ் எரியாமல் வயர் எரிந்திருந்தால் அந்தக் காரைப் பற்றி நாங்கள் இன்று பேசிக்கொண்டிருக்க மாட்டோம்.

வயர் வாங்கும்போது வெளித் தடிப்பைப் பார்த்து வாங்க வேண்டாம், உறையே தடிப்பாக இருக்கலாம். இழையின் கணக்கைக் கேளுங்கள். 0.30 மில்லிமீற்றர் இழைகள் 14 கொண்ட வயர் 8.75 அம்பியருக்கும், 28 கொண்டது 17.5 அம்பியருக்கும், 44 கொண்டது ஏறத்தாழ 25 அம்பியருக்கும் போதுமானவை. முன்விளக்குக்கு 28 இழை வயர் போடுங்கள், எர்த் வயரும் அதே அளவாக இருக்கட்டும். பக்க விளக்கு, பின்விளக்கு, சிக்னல் ஆகியவற்றுக்கு 14 போதும். நிறத்தை மாற்ற வேண்டாம். லூக்காஸ் வயரிங்கில் மண்ணிறம் பற்றறியிலிருந்து நேராக வருவது, வெள்ளை சுவிச்சுக்குப் பிந்தியது, பச்சை பியூசுக்குப் பிந்தியது, சிவப்பு பக்க விளக்கு, நீலம் முன்விளக்கு, கறுப்பு எர்த். அடுத்த முறை வாகனத்துக்குள் கை வைப்பவருக்கு அதைவிடப் பெரிய உதவி நீங்கள் செய்ய முடியாது.

வயரை மாற்றுமுன் கிறிலுக்குப் பின்னால் இறப்பர் உறைக்குள் இருக்கும் குண்டு இணைப்புகளை (வயரின் குண்டு வடிவ முனையைப் பித்தளை உறைக்குள் செருகும் இணைப்பு) பாருங்கள். உங்கள் 2 வோல்ற்றில் பெரும்பகுதி அங்கேதான் போகிறது என்று பந்தயம் கட்டுவேன். உறையைப் பிரித்தால் பச்சைக் களிம்பு தெரியும். குண்டைத் தேய்த்துத் துப்புரவாக்கலாம். பித்தளை உறை தளர்ந்திருந்தால் புதிதாகவே போட வேண்டும். பற்றாசு பற்றிக் கேட்டீர்கள். குண்டு முனைக்குள் பற்றாசு வைப்பது வழமைதான். ஆனால் வயரின் நடுவில் ஒட்டுவதற்குப் பற்றாசை நம்ப வேண்டாம்: ஈயம் இழைகளுக்குள் ஏறி வயரை விறைப்பாக்கிவிடும், விறைப்பு முடியும் இடத்தில் அதிர்வினால் அது முறியும். நல்ல குறடு கொண்டு நெருக்கிய இணைப்பு, அதன் மேல் சுருங்கும் உறை, அசையாமல் ஒரு கட்டு. இவ்வளவு இருந்தால் போதும்.

பதில்: மின்மானி

றிலே, அதாவது சிறு மின்னால் பெரிய மின்னைத் திறந்து மூடும் சுவிச், போடுவது பற்றியும் யோசியுங்கள். அந்தக் காரில் முன்விளக்கின் மின் முழுவதும் லைற் சுவிச்சினதும் டிப் சுவிச்சினதும் பழைய தொடுகைகளுக்கூடாகப் போகிறது, அதில் பியூசும் இல்லை. பற்றறிப் பக்கத்திலிருந்து 28 இழை வயரில் நேராக ஒரு வழி எடுத்து, றிலேக்கூடாக விளக்குக்குக் கொடுத்தால் சுவிச்சுக்குப் பாரம் குறையும், விளக்குக்கு முழு வோல்ற்றும் கிடைக்கும். இடது விளக்குக்கும் வலது விளக்குக்கும் தனித்தனிப் பியூஸ் வையுங்கள். ஒன்று எரிந்தால் மற்றதாவது வீதியைக் காட்டும். உங்களுடையது பிளஸ் எர்த் என்பதால், உள்ளே டயோட் உள்ள றிலேயை வாங்க வேண்டாம், அது மின்னோட்டத்தின் திசையைப் பார்க்கும். டயோட் இல்லாததற்குத் திசை ஒரு பொருட்டல்ல.

அதோடு, எல்லாம் திருத்திய பின்னும் மழை இரவில் சந்தியில் நிற்கும்போது விளக்கு மங்கினால் திரும்பவும் கோளாறு என்று பயப்பட வேண்டாம். அந்தக் காலத்து டைனமோவின் உச்ச அளவே 22 அம்பியர். எஞ்சின் மெதுவாக இயங்கும்போது அது ஒன்றும் தராது, அந்த நேரம் விளக்கு, வைப்பர், கொயில் எல்லாம் பற்றறியிலிருந்துதான் எடுக்கின்றன. அக்சிலறேற்றரைச் சற்று மிதித்ததும் வெளிச்சம் ஏறினால் அது இயல்புதான்.

பதில்: சுன்னாகம் டைனமோ

வேலையைத் தொடங்கும்போது இன்னொன்றையும் பாருங்கள், தம்பி. எஞ்சினையும் உடலையும் இணைக்கும் பின்னல் எர்த் பட்டி நல்ல நிலையில் இருக்கிறதா? ஸ்ராட் செய்த பின் சோக் கேபிளைத் தொட்டுப் பாருங்கள். அது இளஞ்சூடாக இருந்தால், பட்டி கெட்டு, ஸ்ராட்டர் மோட்டாரின் மின் அந்தக் கேபிள் வழியாகத் திரும்புகிறது என்று அர்த்தம். பட்டியின் இரு முனைகளையும் வெறும் உலோகத்தில் பூட்டுங்கள்.

பற்றறி வயரைக் கழற்றாமல் வயரிங்கில் கை வைக்க வேண்டாம். உங்கள் காரில் எர்த் பக்கம் பிளஸ் என்பதால், முதலில் பிளஸ் வயரைக் கழற்றி, வேலை முடிந்ததும் கடைசியாக அதைப் பூட்டுங்கள். மைனஸ் வயரை முதலில் கழற்றும்போது ஸ்பனர் தவறிப் பொனற்றிலோ உடலிலோ பட்டால் பற்றறி நேரே குறுக்காகும். இன்றைய கார்களில் வேலை செய்து பழகியவர்கள் மைனஸைத்தான் முதலில் தேடுவார்கள்; உதவிக்கு யாரையும் கூப்பிட்டால் இதை முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.